குண்டு பிரஸ்ஸும் பிலோமினாவின் வலது கையும்

1

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போன் கார்டைச் சுரண்டி விருத்தாசலத்துக்குப் பேசினேன். என் தம்பியின் சின்ன மகன் போனைப் பிடுங்கி, "பெரியப்பா, நீங்க அங்க துப்பாக்கிக் குண்டு செய்றீங்களாமே, இதுவரைக்கும் எத்தினி பேர சுட்டிருக்கீங்க?" என்று கேட்டான். பின்னால் தெருப் பிள்ளைகள் கூடி நிற்கிற சத்தம் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் கார்டு தீர்ந்துவிட்டது. பதில் வராததால் நிறையப் பேரைச் சுட்டிருப்பேன் என்று முடிவு கட்டியிருப்பீர்கள். அதனால்தான் பிள்ளைகளே, இதை எழுதுகிறேன். பெரிய வகுப்புப் படிக்கிறவர்கள் சின்னதுகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நான் யாரையும் சுடவில்லை. மிசௌரி என்ற மாநிலத்தில், டேல் என்கிற வெள்ளைக்காரருடைய பட்டறையில் ஈயக் குண்டு செய்கிறோம். உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றினால் குண்டு. வெடிமருந்து, அதை அடைக்கிற பித்தளைக் குப்பி எதுவும் நம் பட்டறையில் கிடையாது. அது வாங்குகிறவர்கள் பாடு. அவர்கள் வாரக் கடைசியில் ஒரு மைதானத்துக்குப் போய், காதை அடைத்துக்கொண்டு, தூரத்தில் தொங்கும் காகிதத்தைச் சுடுகிறார்கள். காகிதத்தில் ஓட்டை விழுந்தால் பக்கத்தில் நிற்கிறவர் முதுகில் தட்டிக் கொடுக்கிறார். உங்கள் ஸ்கூல் ஆபீஸில் பேப்பரில் ஓட்டை போட ஒரு சின்ன மிஷின் இருக்குமே, அது செய்கிற வேலைதான். இவர்கள் அதைத் தள்ளி நின்று செய்கிறார்கள்.

குண்டு வாங்க வருகிறவரிடம் எதற்கு என்று டேல் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் தரையைத் துடைத்தால் உடனே 'வழுக்கும், ஜாக்கிரதை' என்று மஞ்சள் பலகை வைத்துவிடுவார். ஒரு சுவரில் 'கையுறை அணியவும்' என்று எழுதியிருக்கும். எதிர்ச் சுவரில் 'ஓடும் இயந்திரத்தின் அருகே கையுறை அணியாதீர்' என்று எழுதியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் நின்று நான் வேலை செய்கிறேன். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது என்று இன்னொரு பலகை. அது மட்டும் நல்ல பலகை, நீங்களும் பின்பற்றலாம்.

இங்கே எப்படி வந்தோம் என்றால், என் அக்கா முன்னாடியே இங்கே வந்துவிட்ட நர்ஸ். அவள் எனக்காக மனுப் போட்டபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. விசா வந்தபோது என் மகள் ஜெசிந்தா ஆறாம் வகுப்பு. நடுவில் அவர்கள் கேட்கும்போதெல்லாம் 'குடும்ப விவரத்தில் மாற்றம் உண்டா' என்ற கேள்வி இருந்தது. உண்டு, உண்டு என்று எழுதி எழுதி எனக்கே வெட்கமாகிவிட்டது.

2

ஊரில் நான் ஜங்ஷனுக்குப் பின்பக்கம் ஒரு பீங்கான் கம்பெனியில் இருந்தேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவன். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருக்குமே பீஸ் கட்டை, அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தோம். மண் மாவை அச்சில் கொட்டி, கைப்பிரஸ்ஸின் ஹேண்டிலைச் சுற்றினால் கட்டை வரும்.

ஒருநாள் முதலாளி எங்கேயோ மூடின ஃபேக்டரியிலிருந்து கரண்டில் ஓடும் பிரஸ் ஒன்றை வாங்கி வந்தார். அதற்கு இரண்டு பட்டன். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேல் அச்சு கீழே இறங்கும். ஏன் தெரியுமா? இரண்டு கையும் பட்டன் மேலே இருந்தால், அச்சுக்குள் மாட்டிக்கொள்ள மூன்றாவது கை யாருக்கும் கிடையாது. அந்தப் பிரஸ்ஸை உண்டாக்கினவன் நல்ல மனுஷன்.

ஆனால் அவன் விருத்தாசலம் வந்ததில்லை. பிரஸ் வந்த அன்றைக்கே ஒரு பிடி ஈர மண்ணை உருட்டி ஒரு பட்டன் மேல் அப்பிவிட்டோம். மண் காய்ந்து இறுகி, பட்டன் அமுங்கியபடியே நின்றது. அப்புறம் ஒரு கையால் மாவு போடலாம், மறு கையால் அமுக்கலாம், உருப்படி அதிகம் வரும். சூப்பர்வைசர் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "மண்ண கொஞ்சம் நல்ல பதமா வைங்கடா, உதிருது" என்றார். 'பாதுகாப்பே முதல்' என்ற பலகை அங்கேயும் இருந்தது. அதன் மேல் அவருடைய துண்டு காயும்.

எங்களோடு வேலை பார்த்த கலியபெருமாள் டீக்கடையைப் பார்த்து 'அஞ்சு' என்று கையைக் காட்டுவார். கடைக்காரர் நாலு டீ போடுவார். "ஏன்யா, எண்ணத் தெரியாதா?" என்பார் இவர். "எண்ணித்தான் போட்டேன், நீ இன்னொரு கையக் காட்டு" என்பார் அவர். எல்லோரும் சிரிப்போம். கலியபெருமாளும் சிரிப்பார். அந்த விரல் அந்தப் பிரஸ்ஸில்தான் போயிற்று. மறுநாள் மண்ணை எடுத்துவிட்டோமா என்று கேட்காதீர்கள்.

பிலோமினா, அதாவது உங்கள் பெரியம்மா, அங்கேதான் ஃபினிஷிங் பிரிவில் கட்டைகளின் பிசிறு சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னிடம் முதல் முதலில் அவள் பேசிய பேச்சே, "ஏங்க, பட்டனுக்கு மண்ணு வேணுமா? எங்ககிட்ட நல்லா பிசைஞ்சது இருக்குது" என்பதுதான். கல்யாணப் பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது.

3

டேல் பட்டறையில் பிலோமினாவுக்கும் வேலை கிடைத்தது. அச்சிலிருந்து வரும் குண்டு கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் சிறிசாக இருக்கும். அதை ஒரு எஃகு வளையத்துக்குள் அழுத்தித் தள்ளினால் எல்லாம் ஒரே அளவாகிவிடும். தள்ளும்போதே குண்டின் பள்ளத்தில் நீலநிற மெழுகு ஏறிவிடும். துப்பாக்கிக் குழாயில் வழுக்கிக்கொண்டு போக அது வேண்டும். இதற்கு மேசை மேல் ஒரு கைப்பிரஸ். ஒரு குண்டை வை, ஹேண்டிலை இழு, ஹேண்டிலைத் தூக்கு, குண்டை எடு. மறுபடியும் ஒரு குண்டு. பிலோமினா காலையிலிருந்து சாயங்காலம் வரை இதையே செய்தாள், வலது கையால்.

ஒரு குளிர்காலம் போனபோது அவளுக்குத் தோள்பட்டை வலி கண்டது. தைலம் தேய்த்தோம். டாக்டர், "கைக்கு ஓய்வு கொடுங்கள்" என்றார். "ஓய்வுதானே, கொடுக்கலாம்" என்று டேலும் சொல்லிவிட்டு, அது வரைக்கும் யார் இழுப்பது என்று என்னைப் பார்த்தார். அவள் இழுக்காவிட்டால் இன்னொருவர் வருவார். அவர் வந்துவிட்டால் இவள் வீட்டில். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. இங்கே இப்படிப்பட்டதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "ஹவ் ஆர் யூ?" என்று அன்றைக்கு இரண்டு தடவை கூடக் கேட்பார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஃபிட்டர் படித்தவன் பெண்டாட்டி கையால் இழுப்பதா? ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் காற்றில் ஓடும் ஏர் சிலிண்டர் ஒன்றை மாட்டுகிறேன், அதுவே இழுக்கும், அதுவே தூக்கும் என்று டேலிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். உடனே இன்சூரன்ஸ் ஆளுக்குப் போன் போட்டார்.

பிள்ளைகளே, இந்த நாட்டில் கடவுளுக்கு அடுத்தபடி இன்சூரன்ஸ். அந்த ஆள் ஆறடி உயரம், தொப்பி, கழுத்தில் கண்ணாடி. என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசினார். அவர் பேச்சு முழுக்க விரல்தான். விரல் எங்கே போகும், விரல் எங்கே மாட்டும். குண்டு எங்கே போகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பட்டன் வை என்றார். எனக்குப் பழைய சினேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே கையின் விரலும் முழங்கையுமாக அமுக்கிவிடுவார்கள், ஆகவே தள்ளித் தள்ளி வை; மேசை மேல் வைத்தால் எதையாவது சாய்த்து வைப்பார்கள், ஆகவே உயரத்தில் வை என்றார். எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். மேசைக்கு இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, அதன் தலையில் ஒவ்வொரு பட்டன்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு பட்டனையும் விட்டுவிட்டுத் திரும்ப அமுக்கினால்தான் ஓடும் என்கிற மாதிரி ஒரு ஏற்பாடு உண்டு. அது இருந்தால் மண் அப்பும் வேலை பலிக்காது. எனக்கு அது தெரியும். ஆனால் மண் அப்புவது விருத்தாசலத்து வியாதி, அமெரிக்காவில் அது யாருக்கும் தெரியாது, களிமண்ணும் இங்கே கிடைக்காது என்று நினைத்தேன். மெஷினில் உட்காரப்போவது விருத்தாசலத்துக்காரி என்பது மறந்துபோயிற்று.

மெஷின் ஓடிற்று. டப், புஸ், டப், புஸ். சர்ச்சில் பார்க்கிறவர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினேன். இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள், நான் வந்து பார்த்து முடிவு சொல்கிறேன் என்று இன்சூரன்ஸ்காரர் போய்விட்டார்.

பிலோமினா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "காலையிலேருந்து ரெண்டு கையயும் விரிச்சிக்கினே ஒக்காந்திருக்கேன். பங்குச்சாமி பூசையிலகூட கைய எறக்கிடுவாரு" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்று டேலிடமும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவரும் சிரித்தார்.

4

ஜெசிந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் இப்போது பெரிய பெண். என்னிடம் தமிழிலும், போனில் இங்கிலீஷிலும் பேசுவாள், எங்கள் இரண்டு பேர் மேலும் கோபம் வந்தால் இரண்டிலும் பேசமாட்டாள். பள்ளியில் 'என் அப்பாவின் தொழில்' என்று எழுதச் சொன்னதற்கு 'உலோகவியல்' என்று எழுதியிருந்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அது குண்டை மறைக்கக் கட்டின சேலை என்று புரிந்தது. கோடை விடுமுறையில் வீட்டில் தனியாக விட மனமில்லாமல் பட்டறைக்குக் கூட்டிவருவோம். முன் அறையில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, இந்தப் பட்டறைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

இன்சூரன்ஸ்காரர் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார். நேரே மெஷினுக்குப் போனார். பிலோமினா இடது கையாலேயே குண்டை வைத்து, இடது கையாலேயே பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. வலது பக்கத்துக் கம்பத்தின் தலையில், பட்டன் மேல், ஒரு பிடி நீல மெழுகு. நல்ல பதமாகப் பிசைந்து, விரல் தடம் தெரிய அப்பியிருந்தது.

எனக்கு விருத்தாசலம் ஜங்ஷன் மணியே கேட்டது போலிருந்தது.

இன்சூரன்ஸ்காரர் மெஷினை நிறுத்தி, காற்றுக் குழாயை மூடி, ஒரு சிவப்புப் பூட்டைப் போட்டார். டேல் ஓடி வந்தார். ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். வேகமாகப் பேசினால் எனக்கு இங்கிலீஷ் புரியாது. மெதுவாகப் பேசினால் மரியாதை புரியும், விஷயம் புரியாது. கடைசியில் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றாள். "அம்மா, இத நீயா வச்ச?"

"நான்தான். பின்ன மாதாவா எறங்கி வந்து வைப்பாங்க?" என்றாள் பிலோமினா.

ஜெசிந்தா மாதாவை விட்டுவிட்டு மற்றதை இங்கிலீஷில் சொன்னாள்.

"எதுக்கு வச்சன்னு கேக்கறாரு."

நான் குறுக்கே பாய்ந்தேன். "தெரியாம செஞ்சிட்டா, இனிமே செய்யமாட்டான்னு சொல்லும்மா."

"அப்பா, அவர் உங்கள கேக்கல. அம்மாவ கேக்கறாரு."

பிலோமினா இடது கையால் வலது தோளைத் தொட்டுக் காட்டினாள். "கை மேல போவலடி" என்றாள். "தோள்லேருந்து இங்க வரைக்கும் வெட்டுது. அந்தப் பட்டன் அவ்ளோ ஒசரத்துல இருக்குது. ஹேண்டிலுன்னாகூட கீழ இழுக்கறதுதான் அதிகம். இது எந்நேரமும் தூக்கிக்கினே இருக்கணும்."

ஜெசிந்தா அதை மொழிபெயர்க்கவில்லை. இன்சூரன்ஸ்காரர் கேட்காத ஒன்றை அவளே கேட்டாள்: "அதான் கொஞ்ச நாளா என்ன தல வாரிவிடச் சொல்றியா?"

"ஆமா."

"அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?"

"எப்படிடி சொல்றது? ஆசை ஆசையா செஞ்சாரு. வர்றவன் போறவனயெல்லாம் இழுத்தாந்து காட்டினாரு."

நான் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தேன். அவளுடைய தோளுக்காக மெஷின் கட்டப் புறப்பட்டவன், அவளுடைய பத்து விரலையும் பத்திரமாக்கி, தோளை மட்டும் விட்டுவிட்டேன். காரணம், விரலைப் பற்றித்தான் எல்லோரும் என்னிடம் கேட்டார்கள்.

ஜெசிந்தா இங்கிலீஷில் சொல்லி முடித்ததும் இன்சூரன்ஸ்காரர் தலையாட்டினார். வருத்தமாக இருக்கிறது, ஆனால் தோள்பட்டை அவருடைய பிரிவு இல்லை, அது வேறொருவர் என்றார். கைகுலுக்கிவிட்டுப் போனார்.

5

மெஷினுக்குப் பூட்டு, ஆனால் ஆர்டர் நிற்குமா? டேல் பழைய ஹேண்டிலை எடுத்து வந்து மாட்டச் சொன்னார். நான் மாட்டினேன். பிலோமினா எழுந்து அதன் முன்னால் போனாள். அப்போது ஜெசிந்தா, காதில் பாட்டும் இல்லாமல், டேலைப் பார்த்து ஏதோ சொன்னாள். ரொம்பச் சின்ன வாக்கியம். அது புரிய எனக்கு யாரும் தேவைப்படவில்லை: என் அம்மா அதை இழுக்கமாட்டார்.

அப்படியானால் யார் இழுப்பது என்று டேல் கேட்டார்.

"நீங்க இழுங்க" என்று இவள் சொல்லிவிட்டாள். இன்றைக்கு மூன்று பேருக்கும் வேலை போயிற்று என்று நினைத்தேன். இவளுக்கு வேலையே கிடையாது, இருந்தாலும் அதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

டேல் நல்லவர்தான், கொஞ்சம் வீராப்பு. ஒரு பெண் பிள்ளை சொன்ன பிறகு விட மனமில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு விசில் அடித்துக்கொண்டு இழுத்தார். மறுநாள் விசில் இல்லை. அதற்கு மறுநாள் தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு வந்து, இந்தப் பிரஸ் மனிதத்தன்மை இல்லாதது, இதை உடனே மாற்ற வேண்டும் என்று என்னிடம், ஏதோ நான்தான் இவ்வளவு நாள் தடுத்து வைத்திருந்த மாதிரி, கண்டிப்பாகச் சொன்னார். முதலாளிக்கு வலித்தால் அது கண்டுபிடிப்பு. நமக்கு வலித்தால் தைலம்.

இந்தத் தடவை நான் கம்பியை வெட்டுவதற்கு முன்னால் பிலோமினாவை மேசை முன்னால் உட்காரவைத்தேன். சாக்பீஸைக் கையில் கொடுத்து, "வலிக்காம எது வரைக்கும் வருதோ அது வரைக்கும் கோடு போடு" என்றேன். அவள் போட்டாள். பிறைநிலா மாதிரி ஒரு சின்ன வளைவு. அவ்வளவுதான் அவளுக்கு மிச்சம் இருந்த எல்லை. அதற்குள்தான் எல்லாம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

பட்டனும் வேண்டாம், கம்பமும் வேண்டாம். பிரஸ்ஸைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி கெட்டி பிளாஸ்டிக் பெட்டி. குண்டுகளை வெளியே ஒரு குழாயில் அடுக்கினால் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கும். கதவு சாத்தியிருந்தால் ஓடும். திறந்தால் அப்படியே நிற்கும், காற்றும் வெளியே போய்விடும். உள்ளே கை போக வேலையே இல்லை.

கட்டி முடித்துவிட்டு அவளிடம் சொன்னேன்: "இப்ப இத ஏமாத்திக் காட்டு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். கம்பெனியில எப்படியெல்லாம் செஞ்சமோ, எல்லாத்தையும் செஞ்சி பாரு."

பிள்ளைகளே, உங்கள் பெரியம்மாவை அவ்வளவு சந்தோஷமாக நான் அமெரிக்காவில் பார்த்ததில்லை. முதலில் கதவு சாத்தியிருப்பதை அறியும் சுவிட்சின் மேல் மெழுகை அப்பினாள். கதவு திறந்திருக்கும்போதே மெஷின் ஓடிற்று. நான் சுவிட்சை உள்ளே தள்ளி மறைத்தேன். மறுநாள் தலையிலிருந்து ஹேர்ப்பின்னை எடுத்து இடுக்கில் விட்டாள், மறுபடி ஓடிற்று. "ஃபிட்டரு படிச்சீங்களா, ஃபீஸு மட்டும் கட்டினீங்களா?" என்றாள். இடுக்கே இல்லாமல், கதவில் பதித்த காந்தம் கிட்டே வந்தால் மட்டும் ஓடும் சுவிட்ச் வைத்தேன். ஜெசிந்தா வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்த பொம்மையைக் கொண்டுவந்து அம்மாவுக்குக் கொடுத்தாள். அதுவும் பலித்தது. அம்மாவும் மகளும் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். நான் மூன்றாம் தடவை கழற்றினேன். கதவின் நாக்கே சாவி மாதிரி, அது போய்ப் பூட்டில் விழுந்தால்தான் மெஷின் ஓடும்படி வைத்தேன். அதை இரண்டு பேரும் நாள் முழுக்கப் பார்த்தார்கள். கரண்டி, கிளிப், சூயிங்கம் எல்லாம் தோற்றது. கடைசியில் பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டு, "இத ஏமாத்தணும்னா பெட்டியயே உடைக்கணும்" என்றாள். எனக்கு ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட் வாங்கின அன்றைக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்ததில்லை.

6

இன்சூரன்ஸ்காரர் வந்தார். கதவைத் திறந்தார், மூடினார், குனிந்து பார்த்தார். தன் பேனாவை இடுக்கில் விட்டுப் பார்த்தார். பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சிவப்புப் பூட்டைத் தன் கையாலேயே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். இதைச் சோதித்தது யார் என்று கேட்டார். டேல் தன் தோளைத் தடவிக்கொண்டே பிலோமினாவைக் காட்டினார்.

பிலோமினா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழாயில் குண்டு அடுக்கிக்கொண்டிருந்தது இடது கை. வலது கை கழுத்திலிருந்து தொங்கும் துணித் தூளியில் இருந்தது. டாக்டர் சொன்ன ஓய்வு இப்போதுதான் அதற்குக் கிடைத்தது. இரண்டு மாதத்தில் சரியாகும் என்கிறார்கள். வேலை அவளிடமே இருக்கிறது.

இன்சூரன்ஸ்காரர் அவள் பக்கம் குனிந்து, மெதுவாக, மிகவும் மரியாதையாக ஒன்று கேட்டார். ஜெசிந்தா அதைத் தமிழில் சொன்னாள்:

"பக்கத்து ஊர்ல ஒரு ஃபேக்டரியில நிறைய லேடீஸ் பிரஸ் ஓட்டுறாங்களாம். அவங்களும் இந்த மாதிரி பட்டன்ல எதையாவது ஒட்டி வைக்கறாங்கன்னு அவருக்குச் சந்தேகம். கண்டுபுடிக்க முடியலயாம். நீ ஒரு நாள் கூட வந்து, யார் யார், எங்க எங்க ஒட்டறாங்கன்னு காட்டிக் குடுக்கறியான்னு கேக்கறாரு."

பிலோமினா குண்டு அடுக்குவதை நிறுத்தினாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொம்பளைங்கள நான் போயி காட்டிக் குடுக்கணுமா? எங்க ஒட்டியிருக்காங்கன்னு எதுக்குத் தேடறாரு? எதுக்கு ஒட்டினீங்க, எங்க வலிக்குதுன்னு அவங்களயே கேக்கச் சொல்லு. வாய் இருக்குது இல்ல அவங்களுக்கு? தோளு என் பிரிவு இல்லன்னு அங்கயும் போயி சொன்னாருன்னா, இங்கேருந்து ரெண்டு கிலோ மெழுகு நானே அனுப்பி வைக்கிறேன்னு சொல்லு."

நான் கண்ணால் ஜாடை காட்டினேன், கொஞ்சம் குறைத்துச் சொல்லம்மா என்று. ஜெசிந்தா என் பக்கம் திரும்பவில்லை. அந்த ஆறடி மனிதரின் முகத்தைப் பார்த்து, நிதானமாக, மெழுகு உட்பட, ஒரு சொல்லையும் விடாமல் சொன்னாள்.